குழுவில் பெண்கள் பேசாததற்குக் காரணம் கூச்சம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தது என்று செய்தி வந்தால், அதன் கீழே ஒரு பெட்டிச் செய்தியும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. படம் போடாதீர்கள், தெரியாதவரிடம் பேசாதீர்கள், நம்பரைக் கொடுக்காதீர்கள். அத்தனை அறிவுரையும் பெண்களுக்கு. அந்தக் குழுவைத் தொடங்கியவரும் நடத்துகிறவரும் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பெட்டியில் ஒரு வரி இருப்பதில்லை. விட்டுப்போன அந்த வரிகளைத்தான் இங்கே எழுதுகிறோம்.

குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர், பழைய மாணவர்கள், மாடித்தோட்டம், டிஎன்பிஎஸ்சி தயாரிப்பு, வாசகர் வட்டம் என்று இன்று எதற்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவோ டெலிகிராம் குழுவோ இருக்கிறது. உறுப்பினர் பட்டியலில் பெண்கள் கணிசமாக இருப்பார்கள். யார் பேசுகிறார்கள் என்று ஒரு வாரத்துச் செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தால் ஆண்களின் பெயர்களே வரிசையாக வரும். "லேடீஸ் கூச்சப்படுவாங்க சார், படிச்சிட்டுப் போயிடுவாங்க" என்பார் அட்மின். அதே பெண்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் குழுவில் செய்திகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ஆள் ஒரு குழுவில் கலகலப்பாகவும் இன்னொன்றில் ஊமையாகவும் இருக்கிறார் என்றால், பார்க்க வேண்டியது குழு அமைக்கப்பட்டிருக்கும் விதத்தை.

முதலில் போன் நம்பர். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த நொடியிலேயே உறுப்பினரின் நம்பர் குழுவிலுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நெளிகோடு போட்டு அவர் வைத்துக்கொண்ட பெயர் நிற்கும். தொட்டால் டிபி. பிரைவசியை மாற்றாமல் விட்டிருந்தால், கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தார் என்பதும் தெரியும். தெருவில் நம் போன் நம்பரை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாம் யாரும் நடப்பதில்லை. இந்தக் குழுக்களில் பெண்கள் அப்படித்தான் நடக்கிறார்கள்.

அடுத்து நடப்பதை, குழு நடத்துகிற யாரும் ஊகித்துக்கொள்ளலாம். மாடித்தோட்டக் குழுவில் ஒரு பெண், மிளகாய்ச் செடியில் மாவுப்பூச்சி வந்த இலையைப் படம் எடுத்துப் போட்டு என்ன தெளிப்பது என்று கேட்கிறார். குழுவில் ஒருவர் வேப்பெண்ணெய்க் கரைசல் என்று பதில் சொல்கிறார். இன்பாக்ஸில் மூன்று பேர் வருகிறார்கள். "ஹாய் மேடம், நானும் அந்த குரூப்தான்." பதில் போட்டால் அடுத்து "எந்த ஏரியா?", "வீட்ல யார் யாரு?", "சாப்டாச்சா?" மறுநாள் காலையில் பூங்கொத்துப் படம். இரவு பதினொன்றரைக்கு "இன்னும் தூங்கலையா, ஆன்லைன்ல இருக்கீங்க." பதில் வராமல் போனால் "ரிப்ளை பண்ணக்கூட திமிரா?" இதில் ஒரு எழுத்துகூடக் குழுவில் பதிவாவதில்லை. அட்மின் கண்ணுக்குக் குழு அமைதியாக, ஒழுங்காக இருக்கிறது. அந்தப் பெண் அடுத்த முறை செடியில் பூச்சி வந்தால் கேட்கமாட்டார், அவ்வளவுதான்.

தொல்லை பொது இடத்தில் நடக்காமல் தனிச் செய்தியில் நடக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 2006இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். ஐஆர்சி என்ற பழைய அரட்டை அறைகளில் பெண் பெயரிலும் ஆண் பெயரிலும் இரண்டும் சொல்ல முடியாத பெயரிலும் கணக்குகளை உலவவிட்டார்கள். ஆண் பெயர்களுக்கு வந்ததைப் போல ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக, மிரட்டலும் ஆபாசமுமான தனிச் செய்திகள் பெண் பெயர்களுக்கு வந்தன. அந்தக் கணக்குகளில் சில வெறும் கணினி நிரல்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் மட்டும் போதுமாக இருந்தது. "நீங்க என்ன பேசினீங்க, அவர் ஏன் வந்தார்?" என்று புகார் சொல்லும் பெண்ணைக் கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பவர்கள் சுமார் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம்; ஆண்களில் அது 57. பல வீடுகளில் போன் பொதுச்சொத்து. கணவரோ அண்ணனோ மகனோ எடுத்துப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு "ஹாய்" திரையில் வந்து நின்றால் விசாரணை அனுப்பியவனை நோக்கிப் போவதில்லை. "உன் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைச்சுது? எதுக்கு அந்த குரூப்ல இருக்கே?" என்று போகிறது. குழு போகும், சில வீடுகளில் போனே போகும். அனுப்பியவனுக்கு அது இரண்டெழுத்து.

இப்போது அட்மின்கள் செய்ய வேண்டியது. செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன், இந்தக் குழு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், பள்ளிக்கு எப்போது விடுமுறை என்று அறிவிக்க மட்டும்தான் என்றால் குழுவே தேவையில்லை. வாட்ஸ்அப் சேனல் போதும். சேனலைப் பின்தொடர்பவரின் நம்பர் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் கம்யூனிட்டி அமைத்தால் அதன் அறிவிப்புக் குழுவிலும் உறுப்பினர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் மறைந்திருக்கும். அட்மின்களுக்கும், ஏற்கெனவே அந்த நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் தெரியும். ஆனால் கம்யூனிட்டிக்குள் இருக்கும் கிளைக் குழுவில் சேர்ந்துவிட்டால் அங்கே நம்பர் தெரியும். பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள். கம்யூனிட்டியாக மாற்றியாயிற்று, இனிக் கவலையில்லை என்று எல்லோரையும் கிளைக் குழுக்களிலும் சேர்த்துவிடுகிறார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசவேண்டிய குழு என்றால் டெலிகிராம் நல்லது. அங்கே செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் போன் நம்பர் என்ற இடத்தில் 'நோபடி' வைக்கலாம். அப்படி வைத்ததும் கீழே இன்னொரு கேள்வி திறக்கும்: நம்பரை வைத்து உங்களை யார் தேடிக் கண்டுபிடிக்கலாம்? அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்க வேண்டும். முதலாவதை மட்டும் மாற்றி இரண்டாவதை விட்டுவிட்டால், நம்பர் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் உங்கள் கணக்கைப் பிடித்துவிடலாம். யாரையாவது கான்டாக்டில் சேர்க்கும்போது, என் நம்பரை அவருக்குக் காட்டு என்று ஒரு டிக் வரும். அதையும் எடுத்துவிட வேண்டும். நூறு பேருக்கு மேற்பட்ட டெலிகிராம் குழுவில் உறுப்பினர் பட்டியலையே மறைக்கும் வசதி அட்மினுக்கு உண்டு. குழு தொடங்குகிறவர் இந்த நான்கையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரிசையாக எடுத்து, குழுவின் மேலேயே நிற்கும்படி முதல் செய்தியாக 'பின்' செய்து வைக்கலாம். பத்து நிமிட வேலை.

வாட்ஸ்அப் குழுதான் வேண்டும் என்றால், யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். சங்கப் பதிவேட்டிலும் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் கொடுத்த நம்பர் அந்த வேலைக்காகக் கொடுத்தது. இன்வைட் லிங்க்கைத் தனியாக அனுப்பி, இத்தனை பேர் இருக்கிறார்கள், உங்கள் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லி, அவரே சேரட்டும். குழுவின் பெயரைத் தொட்டு பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போனால் புதிய உறுப்பினரை அட்மின் ஏற்றுக்கொண்ட பிறகே உள்ளே விடும் சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். இன்வைட் லிங்க்கைப் பேஸ்புக்கில் பகிர்ந்துவிட்டு இந்தச் சுவிட்சைப் போடாமல் இருப்பது கதவைத் திறந்துவைத்துத் தெருவுக்கே முகவரி சொல்வது போன்றது. லிங்க் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் 'ரீசெட் லிங்க்' கொடுத்தால் பழையது செத்துவிடும்.

இவையெல்லாம் தாழ்ப்பாள்கள். இவற்றைவிட முக்கியமான ஒன்று, குழு விவரத்தில் எழுத வேண்டிய ஒரே ஒரு விதி. "குழுவில் பார்த்த நம்பருக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, அழைக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்றால் குழுவிலேயே கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு மட்டும்."

இந்த விதி ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொல்லை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே ஆபாசம் அனுப்புவதில்லை. "ஹாய்", "சாப்டாச்சா" என்பதில்தான் தொடங்குகிறார்கள். அந்த நிலையில் ஒரு பெண் புகார் சொன்னால் "ஹாய்னுதானே போட்டார், இதுக்குப் போயா?" என்று வந்துவிடும். மோசமாகப் போன பிறகு சொன்னால் "முதல்லயே ஏன் சொல்லல?" என்று வரும். இரண்டு கேள்விக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்கிறார். கேட்காமல் தனிச் செய்தி அனுப்புவதே விதிமீறல் என்று எழுதிவிட்டால், "ஹாய்" ஆபாசமா இல்லையா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். அனுப்பியவரின் நோக்கத்தை அளக்கும் சுமை பெண்ணின் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. உண்மையாகவே செடியைப் பற்றிப் பேச விரும்பும் ஆண்களுக்கும் இது நல்லது. எப்படிக் கேட்பது என்று ஒரு வழி தெரிந்துவிடுகிறது.

விதி இருந்தும் கெட்டுப்போகும் இடம் புகார் வந்த பிறகுதான். பல அட்மின்கள் செய்யும் முதல் காரியம், குழுவில் வந்து "யாருப்பா இது, லேடீஸுக்கு மெசேஜ் பண்றது?" என்று பொதுவாகக் கேட்பது. அந்த நிமிடமே யார் புகார் சொன்னது என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். இரண்டாவது, சம்பந்தப்பட்டவரிடம் பெண்ணின் பெயரைச் சொல்லி விளக்கம் கேட்பது. மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது, "போன் பண்ணி சாரி கேட்டுடுங்க" என்று சமாதானம் செய்துவைப்பது. எந்த ஆளிடமிருந்து தப்ப வந்தாரோ அந்த ஆளின் குரலையே அவர் கேட்க வேண்டியதாகிறது. "அவர் குடும்பஸ்தர், வயசுல பெரியவர், சங்கத்துக்கு நிறைய செய்தவர்" என்பதெல்லாம் அதற்கு மேல்.

செய்ய வேண்டியது இது. புகார் சொன்னவரின் பெயர் அட்மின்களைத் தாண்டிப் போகக் கூடாது. அதே நம்பரிலிருந்து வேறு பெண்களுக்கும் செய்தி போயிருக்கிறதா என்று நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம், புகார் யாருடையது என்று சொல்லாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். இப்படி அனுப்புகிறவர்கள் ஒருவரோடு நிற்பது அரிது. கேட்காமல் எழுதியது மட்டும் என்றால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை, ஒருமுறை. ஆபாசம், மிரட்டல், படம் கேட்பது என்றால் எச்சரிக்கையே கிடையாது, உடனே நீக்கம். எல்லாம் 24 மணி நேரத்துக்குள். நீக்கிய பிறகு, விதி மீறியதற்காக ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டார் என்று பெயரில்லாமல் குழுவில் ஒரு வரி. அந்த வரியைப் படிக்கும் பேசாத பெண்களுக்கு, இங்கே சொன்னால் நடக்கும் என்று தெரிய வேண்டும். நீக்கியதும் லிங்க்கை ரீசெட் செய்ய வேண்டும். அதே அமைப்பின் மற்ற குழுக்களில் அவர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். கிரிக்கெட் குழுவிலிருந்து எடுத்து நலச்சங்கக் குழுவில் விட்டுவைத்தால் நம்பர் இன்னும் அவர் கையில் இருக்கிறது.

அட்மின் ஒருவரே என்றால் இதெல்லாம் நடக்காது. இருநூறு பேர் குழுவுக்கு மூன்று பேராவது வேண்டும், அதில் பெண்கள் இருவர். ஒரே ஒரு பெண் அட்மினை வைத்தால் எல்லாப் புகாரும் அவர் தலையில் விழும், எல்லாக் கோபமும் அவர் மேல் திரும்பும். வாட்ஸ்அப்பில் எந்த அட்மினும் மற்ற அட்மினை நீக்கலாம், குழுவைத் தொடங்கியவரைத் தவிர. ஆகவே தொல்லை கொடுப்பவர் குழுவைத் தொடங்கியவரே என்றால் உள்ளிருந்து வழியில்லை. வேறு குழு தொடங்கி எல்லோரையும் அழைத்துக்கொள்வதே முடிவு.

உறுப்பினர் போட்ட செய்திக்கு நான் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்ற பயம் சில அட்மின்களுக்கு இருக்கிறது. அட்மினாக இருப்பதால் மட்டுமே அடுத்தவர் போட்ட பதிவுக்குக் குற்றவியல் பொறுப்பு வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றமும், 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. பயம் வேண்டாம். ஆனால் இந்தத் தீர்ப்புகளைக் காட்டி, நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று கையைக் கழுவிவிடவும் வேண்டாம். நீக்கும் பொத்தானும், எல்லோருக்கும் தெரியும்படி வந்த செய்தியை அழிக்கும் பொத்தானும் அட்மினிடம்தான் இருக்கின்றன. அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படலாம்.

நம்பரை மறைத்துவிட்டால் போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக விக்கிப்பீடியாவைச் சொல்கிறோம். அங்கே நம்பரே கிடையாது, உண்மைப் பெயரும் தேவையில்லை, உரையாடல்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி நடக்கின்றன. இருந்தும் 2008இல் எடுத்த கணக்கெடுப்பில் எழுதுவோரில் பெண்கள் 13 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. 2015க்குள் 25 சதவீதம் என்று விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் இலக்கு வைத்தது, எட்டவில்லை. அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சூ கார்ட்னர், பெண்கள் தாங்களே சொன்ன காரணங்களை 2011இல் தொகுத்து வெளியிட்டார். நேரமில்லை, எழுதும் பக்கம் சிக்கலாக இருக்கிறது என்பவை ஒருபுறம். எழுதியதை விளக்கமில்லாமல் அழித்துவிடுகிறார்கள், எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிறார்கள், நமக்கு இந்த அளவு தெரியுமா என்று தயக்கமாக இருக்கிறது என்பவை மறுபுறம். ஆண்பால் சொல்லிலேயே நம்மை அழைக்கிறார்கள் என்பதும் அதில் ஒன்று.

யார் எழுதுகிறார்கள் என்பது எது எழுதப்படுகிறது என்பதையும் தீர்மானிக்கிறது. கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்டைப் பற்றிய கட்டுரை வரைவு ஒன்றை, போதிய ஆதாரம் இல்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1903இல் மேரி கியூரி, 1963இல் மரியா கோப்பெர்ட் மேயர், அவர்களுக்குப் பிறகு இயற்பியலில் அந்தப் பரிசு பெற்ற மூன்றாவது பெண் அவர்.

சூ கார்ட்னர் தொகுத்த காரணங்களில் நம் குழுக்களில் அப்படியே தெரிவது, முதல் கேள்விக்குக் கிடைக்கும் வரவேற்பு. "இதுகூடத் தெரியாதா", "கூகுள் பண்ணிப் பாருங்க", "மேலே ஏற்கெனவே சொல்லியாச்சு". கேட்டவர் ஆணாக இருந்தாலும் இது கசக்கும். ஆனால் நமக்கு இந்த அளவு தெரியுமா என்ற தயக்கத்தோடு எழுதி எழுதி அழித்துவிட்டுக் கடைசியில் அனுப்பியவருக்கு அதுவே கடைசிக் கேள்வியாகிவிடுகிறது. நிரல் எழுதுவோர் கேள்வி பதிலுக்குக் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், புதியவர்களும் பெண்களும் தங்கள் தளத்தைக் கடுமையான இடமாக உணர்கிறார்கள் என்று 2018 ஏப்ரலில் தானே ஒப்புக்கொண்டு எழுதியது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2012 முதல், புதியவர்கள் எதையும் கேட்கலாம், பொறுமையாகப் பதில் சொல்வோம் என்று டீஹவுஸ் என்ற பெயரில் ஒரு தனிப் பக்கமே நடத்துகிறார்கள். நம் குழுக்களுக்கு அதில் எடுத்துக்கொள்ளக் கூடியது எளிமையானது. முந்நூறு பேர் குழு என்றால், புதிதாக வந்தவரின் முதல் கேள்விக்கு ஒரு நாளுக்குள் பதில் சொல்லும் பொறுப்பை மூன்று பேரிடம் கொடுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரை டேக் செய்து கேட்கட்டும். பதிலில்லாமல் ஒரு கேள்வி தொங்குவதைப் போல ஆளை விரட்டுவது வேறில்லை.

பெண் சொன்ன பதில் கேட்பாரற்றுப் போய், அரைமணி கழித்து அதையே ஓர் ஆண் சொன்னதும் கைதட்டல் குறி வரிசையாக வருவதும் உண்டு. அட்மின் செய்யக் கூடியது, முதலில் சொன்னவரின் செய்தியைப் பிடித்து 'ரிப்ளை' கொடுத்து, "இதைத்தான் இவங்க காலையிலேயே சொல்லியிருக்காங்க" என்று எழுதுவது. இதை மனப்பிரமை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். நிரல் எழுதுவோர் சேர்ந்து வேலை செய்யும் கிட்ஹப் தளத்தில் லட்சக்கணக்கான கணக்குகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், பெண்கள் அனுப்பிய நிரல் திருத்தங்கள் ஆண்களுடையவற்றைவிட அதிக விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தத் திட்டத்துக்கு வெளியாளாக வந்து, பெயரிலும் படத்திலும் பெண் என்று தெரிந்தவர்களுக்கு ஏற்பு விகிதம் குறைந்தது.

அழைக்கும் சொல்லைப் பற்றி. தமிழில் 'அவர்' இருக்கிறது. வந்தார், சொன்னார் என்று ஆணா பெண்ணா என்று காட்டாமலே மரியாதையாகப் பேச முடியும். பல மொழிகளுக்கு வாய்க்காத வசதி இது. அதை வைத்துக்கொண்டு குழு முழுவதையும் "ப்ரோ", "சார்", "மச்சி", "அண்ணே" என்று அழைக்கிறோம். பெண் என்று தெரிந்ததும் "சிஸ்டர்", "டியர்", "தோழி" என்று உறவு கொண்டாடத் தொடங்குகிறோம். பெயரோடு 'அவர்களே' போதும், அல்லது அவர் எப்படி அழைக்கச் சொல்கிறாரோ அப்படி. கணவன் மனைவி ஜோக்குகள் இன்னொன்று. மனைவியை ராட்சசியாக்கும் பார்வர்ட் ஒன்று காலையில் வந்து, இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டு முடித்த குழுவில், பத்து மணிக்கு ஒரு பெண் வந்து ஊராட்சிக் கூட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. குழுவின் நோக்கத்துக்கு வெளியே உள்ள பார்வர்ட் எதுவும் வேண்டாம் என்று ஒரு விதி எழுதினால் இது தானாகவே அடங்கும்.

நேரம். ஆன்லைன் கூட்டங்களை இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வைத்துவிட்டு, பெண்கள் யாரும் வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அது இரவுச் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவும் நேரம். 2019ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்றும் வந்தது. மூன்று நேரங்களைச் சொல்லி, உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் வீடியோ கட்டாயம் என்று வைக்காதீர்கள். சமையலறையிலிருந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்பவரும் உறுப்பினர்தான்.

இத்தனையும் செய்தாலும் யாரோ ஒருவர் எல்லை மீறத்தான் செய்வார். அப்போது பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது வரிசை. கோபத்தில் முதலில் பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடுகிறார்கள். பிறகு ஆதாரம் இல்லாமல் நிற்கிறார்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் தன் செய்தியை ஏறக்குறைய இரண்டரை நாள் வரை இருவருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும், ஆகவே பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. தேதியும் தெரியும்படி எடுக்க வேண்டும். அந்த நம்பரைப் 'தொல்லை' என்றோ வேறு பெயரிலோ சேமித்திருந்தால் படத்தில் பெயர்தான் வரும், நம்பர் வராது. மேலே தொட்டு நம்பர் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். மறையும் செய்திகள் வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். மூலச் செய்தி இருக்கும் போன் கையில் இருப்பது நல்லது.

அடுத்து, "எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்" என்று தெளிவாக ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மேலே விவாதம் வேண்டாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பின்தொடரும் குற்றமாகச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் இதில் அடங்கும். முதல் முறை நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த ஒரு வரியும் அதற்குப் பிறகு வந்த செய்திகளும் சேர்ந்துதான் வழக்குக்கு உயிர். மிரட்டல் என்றால் இந்த வரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இதெல்லாம் முடிந்த பிறகு ரிப்போர்ட், பிளாக். ரிப்போர்ட் செய்தால் அந்த ஆள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும்; அவருக்குத் தெரியாது. ரிப்போர்ட் செய்யும்போது உரையாடலும் சேர்ந்து அழியக்கூடும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறோம்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப்பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் அங்கே பதியலாம். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது. பெண்கள் உதவி எண் 181. அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டல் வந்தால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் இருக்கிறது, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. படம் போனைவிட்டு வெளியே போகாது. படத்தின் எண்வடிவக் கைரேகை மட்டும் உருவாகி, அதில் சேர்ந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் அது பிடிபட வழியாகும். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்கிறார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் வாசகர் குழுக்களுக்கு அழைத்துக் கியூஆர் கோடு அச்சிடுகின்றன. அது பேசும் குழுவாக இருந்தால், கியூஆர் கோடுக்குக் கீழே "சேர்ந்தால் உங்கள் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும்" என்று ஒரு வரி போடுங்கள். செய்தி அனுப்ப மட்டும் என்றால் சேனலாக மாற்றிவிடுங்கள். அடுத்த முறை பெண்களுக்கான எச்சரிக்கைப் பெட்டியை வெளியிடும்போது, பக்கத்திலேயே அட்மின்களுக்கு ஒரு பெட்டி ஒதுக்குங்கள். தனிச் செய்தி பற்றிய அந்த ஒரு விதியை அதில் அப்படியே அச்சிட்டால், வெட்டி எடுத்துக் குழுவில் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
குழு நிர்வாகிகள் சிலர்,
திருச்சிராப்பள்ளி